ரிப்போர்ட்டும் கையுமாக நூலகத்துக்கு வந்தால்: ஊர் நூலகம் உடல்நலத்துக்கு என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் நாலைந்து பேர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், அவ்வளவுதான் கூட்டம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மஞ்சப்பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த லேப் ரிப்போர்ட் ஒன்றை எடுத்து நூலகரிடம் நீட்டினார்.

"சார், எம் பொண்ணு வெளியூர்ல இருக்கா. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? டாக்டரம்மா பாத்துட்டு சுகர் கூட இருக்குன்னு மட்டும் சொன்னாங்க."

நூலகர் வாங்கிப் பார்த்தார். எச்பிஏ1சி 8.2 என்று இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து சர்க்கரை நோய் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி விரலால் தொட்டுக் காட்டினார். "இது மூணு மாசச் சராசரிங்கம்மா. இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு இதுல தெரியாது, மூணு மாசமா எப்படி இருந்துச்சுன்னுதான் தெரியும். ஆறரையும் அதுக்கு மேலயும் வந்தா சர்க்கரை நோய்னு இங்க போட்டிருக்கு பாருங்க."

"அப்ப மாத்திரைய ஒண்ணு கூட்டிப் போட்டுக்கவா சார்?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா, டாக்டரம்மாதான் சொல்லணும். அவங்ககிட்ட என்ன கேக்கணும்னு எழுதித் தர்றேன், அடுத்த தடவ போறப்ப இந்தச் சீட்டக் காட்டுங்க." ஒரு துண்டுத்தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். எனக்கு இந்த எண் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா? அடுத்து எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பத்து நிமிஷத்தில் முடிந்துபோன விஷயம். இந்தக் கட்டுரையில் நான் விளக்க நினைப்பது முழுக்க அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இருக்கிறது. நூலகர் அந்த அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, அதே நேரம் "எனக்குத் தெரியாது, போங்க" என்று அனுப்பவும் இல்லை. நம்பகமான ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார், அதில் இருப்பதைப் புரியும் பேச்சில் சொன்னார், அப்புறம் போக வேண்டிய கதவு எது என்று கைகாட்டினார். நூலகம் செய்யும் உடல்நலத் தகவல் சேவை என்று சொல்வது இதைத்தான்.

ஏன் நூலகம்?

தகவல்தானே, போனில் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும், வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற "தினமும் வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் கிட்னி கல் கரையும்" என்ற வீடியோவும், சுகாதாரத் துறை வெளியிடும் கையேடும் ஒரே திரையில், ஒரே அளவில், ஒரே அதிகாரத்தோடு வந்து நிற்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டாக்டரிடம் கேட்கலாம்தான். ஜி.எச். ஓ.பி.யில் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நமக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது கேட்க நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

நூலகத்தில் டோக்கன் கிடையாது. உள்ளே வர நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் "என்ன வேணும்?" என்று விரட்டாத பொது இடம் ஒரு ஊரில் எத்தனை இருக்கும்? கோயில், பஸ் ஸ்டாண்டு, நூலகம். அந்த மூன்றில் தகவலுக்கென்றே இருப்பது ஒன்றுதான்.

இன்னொரு சின்ன சௌகரியம், பலர் கவனிக்காதது. தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் நூலகம் திறந்திருக்கும்.

எண்ணிக்கையும் குறைவில்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று எல்லாம் சேர்த்து மாநிலத்தில் நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1948இல். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆக, நாம் ஏற்கெனவே காசு கட்டி வைத்திருக்கும் இடம் இது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்று 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உடம்பு சரியில்லாதவர் விஷயத்தில் இந்த நாலாவது விதிக்கு எவ்வளவு கனம் என்று யோசித்துப் பாருங்கள். அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். நூலகம் கட்டடத்தை விட்டு வெளியே போவது என்பது நமக்குப் புதுசு இல்லை.

கேட்பவர் கேட்பதும், அவருக்கு வேண்டியதும்

நூலகப் படிப்பில் ஒரு பாடம் உண்டு. வாசகர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அவருடைய நிஜமான கேள்வியாக இருக்காது. உடல்நலம் என்று வரும்போது இது இன்னும் அதிகம், ஏனென்றால் கூச்சம் சேர்ந்துகொள்கிறது.

ஒரு பையன் வந்து "சார், ஈரல் பத்தி புக் இருக்கா?" என்பான். பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று நினைத்து உயிரியல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவான். அவனுக்கு வேண்டியது, அப்பாவின் கண் ஏன் மஞ்சளாக இருக்கிறது, குடியை நிறுத்த யாரிடம் கூட்டிப் போவது என்பது. அதை அவன் கவுன்டரில் நின்று சத்தமாகக் கேட்க மாட்டான்.

அதற்காக "எதுக்குப்பா கேக்குற, வீட்ல யாருக்கு?" என்று கேட்டால் அவன் அப்புறம் நூலகப் பக்கமே வர மாட்டான். இதைக் கேட்க ஒரு முறை இருக்கிறது. "எந்த மாதிரி விவரம் வேணும் தம்பி? உறுப்பு எப்படி வேலை செய்யுதுன்னா, நோயப் பத்தியா, இல்ல எங்க போய்க் காட்டுறதுன்னா?" இதில் யாருக்கு என்ற கேள்வியே இல்லை. மூன்றாவதைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு வழி திறந்திருக்கிறது. நூலகரின் குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். நம் நூலகங்கள் பலவற்றில் ஒரே ஹால்தான், கவுன்டரில் பேசுவது கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

ரகசியம் என்பது இந்த வேலையில் உயிர்நாடி. சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். குழந்தையின்மை, மனநலம், எச்ஐவி, மாதவிடாய் நிற்கும் காலத்துச் சங்கடங்கள், இவை பற்றிய துண்டறிக்கைகளைக் கவுன்டர் மேல் அடுக்கி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். அலமாரிகளுக்கு நடுவில், யார் கண்ணும் படாத இடத்தில் வையுங்கள், ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும். கழிப்பறைக் கதவின் உட்புறம் உதவி எண்களை ஒட்டுவது அதைவிட நல்ல யோசனை. சிரிப்பாக இருந்தாலும், ஒருவர் தனியாக நின்று நிதானமாகப் படிக்கும் இடம் அதுதான். இரவல் பதிவேட்டை "யாரு எடுத்திருக்கா பாப்போம்" என்று புரட்ட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அலமாரியில் பதுங்கியிருக்கும் ஆபத்து

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் மருத்துவத்துக்கான எண் 610. அந்த வரிசைக்குப் போய் ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். கதைப் புத்தகம் பழசானால் ஒன்றும் இல்லை, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நாவலை இன்றைக்கும் படிக்கலாம். மருத்துவப் புத்தகம் பழசானால் ஆளைக் கொல்லும்.

பாம்புக் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முதலுதவிப் புத்தகங்களில் கடிவாய்க்கு மேலே இறுக்கக் கட்டு, பிளேடால் கீறு, ரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்று படத்தோடு போட்டிருப்பார்கள். இன்றைக்கு மருத்துவர்கள் மூன்றையும் கூடாது என்கிறார்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளைப் பதறவிடாமல், நாட்டு வைத்தியம் மந்திரம் என்று நேரம் கடத்தாமல், விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அந்தப் பழைய புத்தகத்துக்கு நூலக முத்திரை ஒரு கௌரவத்தைக் கொடுத்திருக்கிறது பாருங்கள், அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. "லைப்ரரி புக்ல போட்டிருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் எதிராளி வாயடைத்துப் போவார்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும் இப்படித்தான். ஒரு வயது ஆகும் வரை தேன் கூடாது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது இன்றைய மருத்துவம். தேனைக் குழைத்து நாக்கில் தடவச் சொல்லும் புத்தகம் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது அதே அலமாரியில் இருக்கும் இன்னொரு ரகம். "சர்க்கரையை வேரோடு விரட்டும் ஒரே கீரை" ரகம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சித்த மருத்துவம் என்பது படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்த மருத்துவர்கள் பார்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. அதைப் பற்றிய நல்ல நூல்கள் நூலகத்தில் இருக்க வேண்டும், இருக்கின்றன. நான் சொல்வது, "இன்சுலினைத் தூக்கிப் போடுங்கள்" என்று எழுதும் புத்தகங்களை. சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. சர்க்கரை, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954லிருந்து இந்தியாவில் இருக்கிறது. சட்டம் இருந்தும் பேப்பரில் என்ன வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

எந்தப் புத்தகம், எந்த வீடியோ ஆனாலும் மூன்று விஷயம் பார்த்தால் போதும். சொல்வது யார், எந்த வருஷம் சொன்னது, கடைசியில் எதையாவது விற்கிறாரா. மூன்றாவதுக்கு ஆமாம் என்றால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

புரிகிற தமிழ்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்று ஓர் அமெரிக்க மிஷன் மருத்துவர் இருந்தார். தமிழ் கற்று, மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கி அச்சிட்டவர். உடம்பைப் பற்றிய அறிவு அவரவர் மொழியில் வந்தால்தான் ஊன்றும் என்பது அவருக்கு அப்போதே புரிந்திருந்தது. நமக்கு இன்னும் அரைகுறையாகத்தான் புரிந்திருக்கிறது.

துண்டறிக்கையில் "மிகை இரத்த அழுத்தம்" என்று போட்டிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிரஷர் என்பார்கள், பி.பி. என்பார்கள். நல்ல தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிப்பவர் அது தன் நோய்தான் என்றே தெரியாமல் தாண்டிப் போய்விட்டால் அந்த நல்ல தமிழால் யாருக்கு லாபம்? முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

சொல் மட்டும் இல்லை, அளவும் இப்படித்தான். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பலர் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு அதிகமானால் குழந்தைக்கு அது கெடுதல். எங்கள் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் பாக்கெட்டையும் மேஜை மேல் வைத்துக் கரைத்தே காட்டினோம். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டிய என்றால் என்ன என்பதை ஸ்பூனை வைத்து ஒரு பாட்டிதான் செய்து காட்டினார், எங்களுக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை.

அதைவிட நன்றாகப் போனது மருந்துச் சீட்டு படிக்கும் கூட்டம். 1-0-1 என்று எழுதியிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்று தோன்றும். வந்திருந்தவர்களில் ஒருவர், நடுவில் இருப்பது பூஜ்யம் என்று தெரியாமல் வட்டமாக ஒரு மாத்திரை என்று நினைத்து மதியமும் போட்டுக்கொண்டிருந்தாராம். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. மாத்திரை அட்டையில் காலாவதி தேதி அச்சிட்ட பக்கத்தை முதலில் வெட்டித் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அன்றைக்கு வந்தவர்கள் தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசியாக வெட்டக் கற்றுக்கொண்டு போனார்கள். இதற்கு டாக்டர் தேவைப்படவில்லை. ஒரு மருந்தாளுநர், நாற்பது நிமிஷம், ஒரு கரும்பலகை.

வெளியே போவது, உள்ளே வரவழைப்பது

நாங்கள் நடத்திய முதல் முகாம் படுதோல்வி. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு பி.பி. பார்க்கும் முகாம் என்று போர்டு வைத்தோம். வந்தவர்கள் வழக்கமாகப் பேப்பர் படிக்க வரும் அதே ஆறு தாத்தாக்கள். பெண்கள் ஒருவர்கூட இல்லை, எல்லாரும் வேலையிலோ அடுப்படியிலோ இருந்திருப்பார்கள். அதோடு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவர்களை அப்படியே உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றியதில் பாதிப்பேருக்கு எண் எகிறிவிட்டது. ஒரு தாத்தா பயந்துபோய் அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு வரவழைத்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால் சரியாக இருந்தது. மகன் எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம்தான் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வந்தவரை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல் இருக்க வேண்டும். முந்தைய அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி எதுவும் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். 140க்கு 90 என்ற அளவைத் தொட்டால் "உங்களுக்கு பிரஷர் வந்துடுச்சு" என்று அறிவிக்கக் கூடாது, "இன்னொரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிடுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த முகாமை ஞாயிறு மாலை நாலு மணிக்கு வைத்தோம், குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரத்தில். பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்களும் பாட்டிகளும் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு எட்டு பார்த்துக்கொண்டு போனார்கள்.

இதில் நான் கற்றது, நூலகம் தனியாக எதையும் ஆரம்பிக்க வேண்டியதில்லை என்பதைத்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி.க்கும் சுகருக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலருக்கு ஊரில் யார் வீடு எது என்று தெரியும். நூலகத்துக்குப் புத்தகம் தெரியும், உட்கார இடம் உண்டு. வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க நூலக நண்பர்கள் திட்டமும் இருக்கிறது. அந்தப் பையில் நாவலோடு ஒரு உடல்நலக் கையேட்டையும் போட்டு அனுப்பினால் தனிச் செலவு ஏது?

திட்டங்கள் விஷயத்தில் நூலகத்தால் இன்னும் பெரிய உதவி செய்ய முடியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று பலருக்குத் தெரியும். அதற்கு எந்தச் சான்றிதழ், எங்கே வாங்குவது, அட்டை எங்கே எடுப்பது என்பது ஆளைப் படுக்கப் போட்டபின் அலைந்துதான் தெரிகிறது. நல்லா இருக்கும்போதே அட்டை எடுத்து வைக்க ஒரு மாலைக் கூட்டம் போதும். சுவரில் நாலு எண்கள் பெரிசாக எழுதி வைக்கலாம். ஆம்புலன்ஸ் 108, உடல்நலச் சந்தேகங்களுக்கு 104, மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கு 1098. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் அந்த 14416 ரொம்ப முக்கியம். அவர்கள் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்பது பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கும் எனக்கே தெரிகிறது.

மற்ற ஊர்களில்

வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃபில் 2003இல் ஒரு யோசனை தொடங்கினார்கள். மனச்சோர்வு, பதற்றம் என்று வருபவர்களுக்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவது போலப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுப்பார். அதைப் பொது நூலகத்தில் காட்டினால் புத்தகம் இரவல் கிடைக்கும். எந்தப் புத்தகம் என்பதை மனநல வல்லுநர்கள் தேர்ந்து பட்டியல் போட்டிருந்தார்கள். 2013இல் இங்கிலாந்து முழுவதற்கும் இதுபோன்ற திட்டம் வந்தது. வெளிநாட்டு உதாரணங்களில் நம் ஊருக்கு நாளைக்கே கொண்டுவரக்கூடியது இது என்பேன். காசு வேண்டாம், கட்டடம் வேண்டாம். மாவட்ட மனநல மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து இருபது நல்ல தமிழ்ப் புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டால் போதும்.

சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009இல் முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரை வேலைக்கு வைத்தது. வீடில்லாதவர்கள் பகல் முழுக்க நூலகத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு மருத்துவமும் தங்க இடமும் தேடிக் கொடுக்க ஆள் அங்கேயே இருக்கட்டும் என்று. டெக்சஸில் பாட்ஸ்பரோ என்ற சின்ன ஊர் நூலகம், கொரோனா காலத்தில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையை ஒழித்து, வீடியோவில் டாக்டரோடு பேச ஓர் அறை ஆக்கியது. வீட்டில் நெட் இல்லாதவர்களுக்கு அது பெரிய விஷயம். நம் இ-சஞ்சீவனி சேவையிலும் போன் வழியே டாக்டரிடம் பேசலாம். தனியாகப் பேச ஓர் அறையும் நல்ல நெட்டும் இருக்கிற நூலகம் இதைச் செய்ய முடியும். ஒரே ஹால் உள்ள நூலகம் முயற்சி செய்யவே வேண்டாம், ஊரே கேட்கும்.

நூலகத்தையும் ஆஸ்பத்திரியையும் பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வராமல் இருக்காது. 2010 செப்டம்பரில் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அடுத்த ஆண்டே அன்றைய அரசு அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நூலகமாகவே நின்றது. அப்போது டீக்கடையில் நடந்த வாக்குவாதம் முழுக்க "புத்தகம் முக்கியமா, உசுரு முக்கியமா" என்றுதான். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் நூலகர் இல்லை, வெறும் வாசகர் என்றாலும் செய்யலாம். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு, பெயருக்காவது உண்டு. அதில் போய்ச் சேருங்கள். மருத்துவ அலமாரியிலுள்ள புத்தகங்களின் பதிப்பு ஆண்டுகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். பழையதைக் கழிக்கும் அதிகாரம் அவருக்கு நேரடியாக இருக்காது, அதற்கு முறை இருக்கிறது. ஆனால் தனியாக எடுத்து ஒதுக்கி வைக்க முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தமிழில் அச்சிட்ட கையேடுகள் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள், பல இடங்களில் அவை பிரிக்காமலே கிடக்கின்றன. செவிலியரைப் பார்த்து எந்த ஞாயிறு வசதிப்படும் என்று கேளுங்கள்.

நூலகருக்கு ஒன்று. ரிப்போர்ட்டைப் பார்த்து உங்களுக்கே பதில் தெரிந்தாலும் புத்தகத்தைத் திறந்து காட்டியே சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்கு எந்த மாத்திரை கேட்டது என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்று யாராவது வந்து நின்றால் புத்தகம் தேடவே கூடாது, உடனே 108.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே உங்கள் நூலகத்துக்கு ஒரு நடை போய் 610ஆம் வரிசையைப் பார்த்துவிட்டு வரலாம். நாளை வெள்ளிக்கிழமையாக இருந்தால் மட்டும் வேண்டாம், பூட்டியிருக்கும்.